படத்தில் நிற்கும் ஆளை வெட்டவும்

தலையிலிருந்து ஆரம்பிக்கட்டுமா காலிலிருந்தா, என்று ஜெராக்ஸ் கடை முபீனா அக்கா கேட்கிறார், கோழிக்கடையில் கேட்பது போல, எங்கிருந்தாவது ஆரம்பிங்க அக்கா, ஆளைத் தூக்கினா சரி என்கிறேன், ஆள் என்றால் நான்தான், திரையில் அந்த நெட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்கிறேனே அது, பள்ளிக்கூடத்து பேண்ட், அப்பாவுடைய பழைய முழுக்கைச் சட்டை, ஒரு கை கல்லின் உச்சியைப் பார்த்து நீண்டிருக்கிறது. படத்தில் நிற்கும் ஆளை வெட்டவும், கல் மட்டும் போதும், மாலைக்குள் அனுப்பவும். பேராசிரியர் அறவாழி வாட்சப்பில் போட்டது இவ்வளவுதான், ஒரு வணக்கம்கூட இல்லை. அவர் மேல்பெண்ணைத் தொல்லியல் கழகத்தின் பதிப்பாசிரியர், மாநாட்டில் வாசித்த கட்டுரைகளைச் சேர்த்து வருஷா வருஷம் தொகுதி போடுகிறவர், இன்றைக்குச் சாயங்காலம் எல்லாம் அச்சகத்துக்குப் போகிறது, அதில் அம்மாவின் கட்டுரையும் ஒன்று. அம்மா கிராம நர்ஸ். ஊசி போடப் போன ஏணிக்கல் கொட்டாய் என்கிற குக்கிராமத்தில் இந்தக் கல்லைப் பார்த்து, பார்த்தவள் சும்மா வராமல், செத்தவர்களுக்கு அந்தக் காலத்தில் நட்ட நெடுங்கல் அது என்று படித்துத் தெரிந்துகொண்டு, இந்தப் பக்கத்திலேயே இதுதான் உயரம் என்று எழுதி, மாநாட்டில் போய் வாசித்தும் விட்டாள். இப்போது சிக்கல் அந்த உயரம்தான். படத்தில் அளவுகோல் இல்லை என்று அவர் காலையில் அம்மாவிடம் போனில் சொன்னார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கோல் ஒன்று பக்கத்தில் நிற்க வேண்டுமாம், அது இல்லாமல் மனுசன் நின்றால் அது கல்யாண போட்டோவாம். அளவு இல்லையென்றால் உயரத்தைப் பற்றி எழுதியதெல்லாம் போய்விடும், உயரம் போனால் கட்டுரையில் மிச்சம் இருப்பது ஒரு கல் இருந்தது என்கிற சங்கதிதான், அது கட்டுரை வரிசையில் வராது, பின்னாடி சிறு செய்திகள் என்று ஒரு பகுதி, யார் தோட்டத்திலோ பானை ஓடு கிடைத்தது, யார் வீட்டிலோ பழைய காசு கிடைத்தது, அதுங்களோடு நாலு வரி. அம்மா காலையிலேயே சரி என்றுவிட்டாள். சார் சொன்னபடி செஞ்சிடுடா மாதேசா, உன்னை வெட்டிட்டு அனுப்பிடு, நான் மலைக்குப் போறேன், அங்க சிக்னல் கிடைக்காது. வண்டியில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். 

முபீனா அக்கா மவுஸை நகர்த்த நகர்த்தத் திரையில் என் காலைச் சுற்றிப் புள்ளிக் கோடு ஒன்று ஓடுகிறது, எறும்பு மாதிரி, நிற்காமல் ஊர்ந்துகொண்டே, செத்த வண்டைச் சுற்றுகிற மாதிரி என் பாதத்தைச் சுற்றுகிறது, எனக்கு இங்கே உட்கார்ந்திருக்கிற காலில் நமநம என்கிறது. கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே. தருமபுரி தருமபுரி என்று வெளியே ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான், உள்ளே லேமினேஷன் மிஷின் சூட்டில் பிளாஸ்டிக் நாற்றம், ஜெராக்ஸ் வெளிச்சம் சுவரில் போய்ப் போய் வருகிறது, ஆதார் எடுக்க வந்த ஆயா ஒன்று என் முதுகை இடித்துக்கொண்டு நிற்கிறது. கோடு முட்டிக்கு வந்துவிட்டது. வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும், எனக்கென்ன, என்னை வெட்டுவது இது முதல் தடவையா. பிளஸ் டூ நடுவில் பள்ளிக்கூடத்தை விட்டேன், யாரும் வெட்டவில்லை, நானாகத்தான் விட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, எனக்கு அந்த பெஞ்சில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான், பட்டாளத்துக்குப் போகப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு ஏரிக்கரையில் விடியவிடிய ஓடினேன். ஆள்சேர்ப்பு முகாமில் ஓடவே விடவில்லை. முதலில் உயரம். செருப்பைக் கழற்று, குதிகாலை ஒட்டு, நிமிர். ஒரு கம்பி தலையில் வந்து டொக்கென்று உட்கார்ந்தது, அந்தச் சத்தம் மண்டைக்குள் கேட்டது, வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. அளந்தவன் இந்தியில் ஏதோ சொன்னான், பக்கத்தில் இருந்தவன் என் கையைப் பிடித்து முழங்கைக்குக் கீழே ஊதா மையில் கிறுக்கினான், தோளைத் தொட்டு இன்னொரு வாசல் பக்கம் திருப்பிவிட்டான். ஒன்றரை சென்டிமீட்டர் குறைச்சல். ஒன்றரை. பெரியப்பா மகன் திம்மராஜ் அன்றைக்குச் சாயங்காலமே பேர் வைத்துவிட்டான், டேய் ஒன்றர, இங்க வாடா ஒன்றர, பரண்ல இருக்கிற அண்டாவை எடுக்கணும், உன்னால ஆவாது, ஒசரமான ஆளு யாராச்சும் இருந்தா அனுப்பு. தெருவே சிரித்தது, நாய்கூட வாலை ஆட்டியது. ஒன்றரை என்பது எவ்வளவு, என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு, அந்த நகத்தளவுக்கு ஒரு ஆளைத் திருப்பி அனுப்புவார்களா, அனுப்புவார்கள், அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு மறுநாள்தான் இந்தப் படம். வீட்டில் படுத்தே கிடந்தேன், அம்மா போர்வையை உருவினாள். எந்திரிடா, பெட்டியைத் தூக்கிட்டு வர ஆள் இல்ல. ஏணிக்கல் கொட்டாய்க்கு வண்டி போகாது, பாறை மேல் நடக்க வேண்டும். கையில் ஊதா மை அப்படியே இருந்தது, தேங்காயெண்ணெய் போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், தேங்காய் நாரால் தேய்த்தேன், தோல் சிவந்ததே தவிர மை நகரவில்லை, அதனால்தான் அந்த வெயிலில் அப்பாவின் முழுக்கைச் சட்டை. குழந்தைகள் கத்தி முடித்து, அம்மா ஊசியெல்லாம் எடுத்து வைத்த பிறகு, வாடா ஒண்ணு காட்டறேன் என்று மாந்தோப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாள். கல் நின்றது. நின்றது என்றால் சும்மா நிற்கவில்லை, யாருக்கோ காத்திருந்து காத்திருந்து கடுப்பாகி நிற்கிற மாதிரி. குத்துக்கல்லாட்டம் நிக்கிறியே என்று என்னை எத்தனை தடவை திட்டியிருப்பாள், அன்றைக்குத்தான் ஒரு குத்துக்கல் எப்படி நிற்கும் என்று பார்த்தேன், நான் அப்படியெல்லாம் நின்றதே இல்லை. போய் ஒட்டி நில்லுடா, எவ்ளோ ஒசரம்னு தெரியட்டும், என்றாள், நான் மாட்டேன் என்றேன், அவள் கெஞ்சினாள், போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் தூரத்திலிருந்தே கத்தினார், யோவ் தம்பி, செருப்பு, செருப்பு, ராக்காசி கம்பத்துக்கிட்ட செருப்போட நிக்கக் கூடாது, நர்சம்மா, சொல்லும்மா உன் பையனுக்கு. ராக்காசி கம்பம் என்றுதான் அந்தக் கல்லுக்கு அங்கே பேர், கழற்றி எறிந்தேன். தோள் கல்லில் பட்டதும் சட்டையைத் தாண்டிச் சூடு இறங்கியது, அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரி. கையைத் தூக்கி உச்சியைக் காட்டு என்றாள். தூக்கினேன். டிக் என்று எடுத்தாள். படத்தில் அளவுகோல் வைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது, குழந்தையின் புஜத்தைச் சுற்றி அளக்கிற சின்ன நாடா இருந்தது, அதை வைத்து அந்தக் கல்லை என்ன செய்ய. அடுத்த தடவை டேப் கொண்டு வரலாம் என்றாள். அடுத்த தடவை கல் இல்லை. சொட்டுநீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுத்த ஜேசிபி பக்கத்தில் தோண்ட, அடி மண் இளகி, ஒரு மழை ராத்திரியில் சாய்ந்து உடைந்துவிட்டது. ஒரு துண்டு மோட்டார் கொட்டகைக்குப் படி, ஒரு துண்டில் துணி துவைக்கிறார்கள், மற்றது எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா துவைக்கிற கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை, எனக்கு எரிச்சலாக இருந்தது, ஒரு கல்லுக்காகச் சாப்பிடாமல் இருப்பாங்களா, நான் முகாமிலிருந்து திரும்பி வந்த அன்றைக்குக்கூட நீ சாப்பிட்டியே என்று கேட்டேன், நீ உடையலியே என்றாள்.

இடுப்புக்கு வந்துவிட்டது கோடு, கொஞ்சம் நிதானமாப் போகணும், பேண்ட் கலரும் கல் கலரும் ஒண்ணா இருக்கு, என்று முபீனா அக்கா கண்ணைச் சுருக்குகிறார், நான் மாநாட்டை நினைத்துக்கொள்கிறேன், நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அதுதான் முதலில் வரும். கல்யாண மண்டபம், மேடையில் பேனர், ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம், மணி அடித்தால் இறங்க வேண்டும். அம்மா மெரூன் சேலை, இரண்டு கையிலும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். நல்லாத்தான் வாசித்தாள். நடுவில் இருந்து ஒருத்தர் எழுந்து கேட்டார், உயரம் உயரம்னு சொல்றீங்க, எவ்வளவு உயரம்? அம்மா காகிதத்தைப் பார்த்தாள், காகிதத்தில் இல்லை, என்னைத் தேடினாள், நான் கடைசி வரிசையில் பை மேல் கால் வைத்து போண்டா தின்றுகொண்டிருந்தேன். எங்க மாதேசன் மாதிரி ரெண்டு பேரு, அதுக்கு மேல ஒரு அரை மாதேசன், என்று சொல்லிவிட்டாள். மைக்கில். தலைமை தாங்கியது அறவாழி சார்தான், அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, ஏம்மா, மாதேசன்கிறது எந்தக் காலத்து அளவைம்மா, சோழர் காலமா, விஜயநகரமா, என்று கேட்டார், மண்டபமே சிரித்தது, அவரும் கெட்ட மனுசன் இல்லை, சிரிப்பு அடங்கியதும் நல்ல கண்டுபிடிப்பு என்றும் சொன்னார், ஆனால் சிரிப்புக்குப் பிறகு சொன்னது யார் காதில் விழும். அம்மாவும் சிரித்தாள், வாய் மட்டும். எல்லாரும் திரும்பி மாதேசன் எங்கே என்று தேடினார்கள், நான் குனிந்து பையில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தேன். அரை மாதேசன். ஒன்றரை. எனக்கு வாய்த்த பேரெல்லாம் பின்னத்தில்தான். பேருந்தில் வரும்போது அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், தொகுதியில பேரோட வந்துட்டா போதும்டா, சிரிச்சது யாருக்கு ஞாபகம் இருக்கும். பேரோடு வருவது, கட்டுரை வரிசையில் வருவது. இப்போது அதுவும் பின்பக்கத்துக்குப் போகிறது, பானை ஓட்டோடும் பழைய காசோடும், நான் இங்கே உட்கார்ந்து அதற்கு ஆள் வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

டேய், என்கிறார் முபீனா அக்கா. கோடு தோளைச் சுற்றிக் கையில் ஏறிவிட்டது, ஓரம் பிசிறு இல்லாமல் வரவேண்டும் என்று படத்தைப் பெரிசாக்குகிறார், இன்னும் பெரிசாக்குகிறார், என் கை திரை முழுக்க, மயிர்கூடத் தெரிகிறது, கல்லின் சொரசொரப்பு தெரிகிறது, தூக்கிய கையில் சட்டை முழங்கைக்கு இறங்கிக் கிடக்கிறது. டேய், கையில என்னடா எழுதியிருக்கு, லவ்வா? நான் திரைக்குக் குறுக்கே கையை நீட்டுகிறேன், ஒண்ணுமில்லக்கா, வெட்டுங்க, சீக்கிரம் வெட்டுங்க. இருடா, நம்பர் மாதிரி இருக்குதே, ஒண்ணு, ஆறு, நாலு, ஒரு புள்ளி, அஞ்சு, இது என்ன போன் நம்பரா பாதியில நிக்குது, பக்கத்துல ஒரு பெருக்கல் குறி. ஆயா என் தோள் மேல் எட்டிப் பார்த்து, பச்சை குத்தியிருக்கான் பாரு இந்த வயசுல, என்கிறது. என் ஒசரம் என்கிறேன், கடுப்பில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, என் ஒசரம் ஆயா, பட்டாளத்துல அளந்து எழுதினது, பத்தலன்னு அனுப்பிட்டான், போதுமா. சொல்லி முடித்த வாய் மூடவில்லை, அப்படியே திறந்து கிடக்கிறது, ஏனென்றால் சொன்னது என் காதிலேயே இப்போதுதான் விழுகிறது, என் ஒசரம், அளந்து எழுதினது, படத்திலேயே எழுதியிருக்கிறது, கல்லுக்குப் பக்கத்தில், கல்லை ஒட்டி, அளந்த மறுநாள். அக்கா நிறுத்துங்க. என்னடா. வெட்டாதீங்க, அந்தக் கோட்டை எடுங்க, எடுங்க அக்கா, என் ஒசரத்துக்கு ஒரு கோடு போடுங்க, குதிகாலிலிருந்து உச்சந்தலைக்கு, ஆமாம் அதை அப்படியே இன்னொண்ணு எடுத்து மேல வைங்க. அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்கிறார், ஆனால் கை தன்பாட்டில் செய்கிறது, கோடு மேல் கோடு, பிறகு அவருக்கே குஷி ஏறி, கோடு எதுக்குடா, உன்னையே வைக்கிறேன் பாரு என்று முழு என்னையும் நகல் எடுத்து என் தலை மேல் நிறுத்துகிறார், என் தலை மேல் நானே நிற்கிறேன், அதே உர்ரென்ற மூஞ்சி, அதற்கு மேல் இன்னொரு நான், அவன் இடுப்போடு கல் முடிகிறது. இரண்டு மாதேசன். மேலே ஒரு அரை மாதேசன். அம்மா, நீ மைக்கில் சொன்னது அப்படியே சரி. நான் மேசையில் ஓங்கிக் குத்தியதில் ஸ்டேப்ளர் கீழே விழுந்தது, ஆயா, என்னாச்சு பாஸாயிட்டானா என்று கேட்டது, பாஸு ஆயா, பாஸு என்றார் முபீனா அக்கா.

கணக்கு போடுகிறோம். நாலு மீட்டர், மேலே பதினோரு சென்டிமீட்டர். அந்த மை, நான் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்த மை, போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது, வெயிலுக்குச் சட்டையைக் கழற்றி, கையைத் துணியால் சுற்றிக்கொண்டு நின்றிருந்தால், அம்மா கையைத் தூக்கு என்று சொல்லாமல் இருந்திருந்தால், அதைவிட, அந்த ஒன்றரை எனக்கு இருந்திருந்தால். இருந்திருந்தால் நான் மறுநாள் முகாம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்திருப்பேன், பெட்டியைத் தூக்க வேறு ஆள் போயிருப்பான், கல்லுக்குப் பக்கத்தில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள், கல் உடைந்து அதன் உயரமும் உடைந்து துவைக்கிற கல்லாகக் கிடந்திருக்கும். பட்டாளத்துக்கு நான் குறைச்சல். கல்லுக்கு நான் சரியான அளவு. இதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும், அம்மாவுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே, சரி, யார் வெட்டச் சொன்னாரோ அவருக்கே அடிக்கிறேன், மணி போகிறது, போகிறது, எடுக்கிறார். யாருப்பா? மாதேசன் சார், நர்ஸ் நாகவேணி மகன். ஆங், படம் வரலியே இன்னும், வெட்டியாச்சா? இல்ல சார். இல்லையா, ஏம்பா, அச்சகத்துல ஆள் காத்துக்கிட்டிருக்கான். சார், நான்தான் சார் அளவுகோல்.  எனக்கு நாக்கு குழறினாலும் நிறுத்தவில்லை, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன், முகாம், கம்பி, ஊதா மை, மறுநாள். அவர் குரல் மாறியது, வாத்தியார் குரல், ஆனால் பள்ளிக்கூடத்து வாத்தியார் குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். கல்லை ஒட்டி நிக்கிறியா, முன்னாடி தள்ளி நிக்கிறியா, தள்ளி நின்னா கணக்கு தப்பும். ஒட்டித்தான் சார், தோள்ல சூடு பட்டுச்சு. சூடு படத்துல தெரியாதுப்பா. நிழல் தெரியுது சார், என் நிழல் கல் மேலேயே விழுது, இடைவெளி இல்ல. காலில் செருப்பு? இல்ல சார், அந்தக் கல்லுக்கிட்ட செருப்போட நிக்கக் கூடாதாம், கழட்டச் சொல்லிட்டாங்க, படத்துல ஓரமா கிடக்குது பாருங்க, ஒண்ணு குப்புற கிடக்குது. முகாம்ல? அங்கேயும் வெறுங்கால்தான் சார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு மெல்ல ஒரு சிரிப்பு, மண்டபத்தில் கேட்ட அதே சிரிப்பு, ஆனால் இந்தத் தடவை அது என் பக்கம் நின்றது. ஆக, ஒரு மாதேசன் என்பது நூற்று அறுபத்து நாலரை சென்டிமீட்டர். ஆமா சார். எந்தக் காலத்து அளவைன்னு உங்க அம்மாவை மேடையில வெச்சுக் கேட்டேன், இப்பத்தான் பதில் வருது. சரி, கையைப் பெருசாக்கி தனிப் படமா ஒண்ணு, முழுப் படம் ஒண்ணு, கீழ விளக்கம் எழுது, யார் நிக்கிறா, எவ்வளவு உயரம், எப்ப அளந்தது, வெறுங்கால்னு கூட எழுது. கட்டுரை சார்? கட்டுரை கட்டுரையாத்தான் வரும், உயரத்தை எடுக்க வேண்டாம், போ, சீக்கிரம் அனுப்பு.

விளக்கம் நான் சொல்ல முபீனா அக்கா தட்டினார். ஏணிக்கல் கொட்டாய் நெடுங்கல், தற்போது இல்லை. அளவுக்காக ஒட்டி நிற்பவர் கட்டுரையாளரின் மகன் மாதேசன், வெறுங்காலில் உயரம் நூற்று அறுபத்து நாலரை செ.மீ., முந்தைய நாள் ராணுவ ஆள்சேர்ப்பு முகாமில் அளந்தது, அளவு கையில் காண்க. பெருக்கல் குறியை வேணும்னா அழிச்சிடட்டுமாடா, நல்லாவா இருக்கு, என்று கேட்டார், வேண்டாம் அக்கா, அதுவும் இருக்கட்டும், அது இருந்தாத்தான் உண்மைன்னு நம்புவாங்க. திம்மராஜிடம் ஒரு பிரதி காட்ட வேண்டும், அவனுக்குப் படிக்கச் சோம்பல், படத்தைப் பார்க்கட்டும், ஒசரமான ஆள் கேட்டானே, கல்லைக் காட்டுகிறேன். அனுப்பும் பொத்தானை என்னையே அழுத்தச் சொன்னார், அழுத்தினேன், நீலக் கோடு ஒன்று இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடி முடிந்தது. உடனே போன் அதிர்ந்தது, அம்மா, மலையிலிருந்து இறங்கிவிட்டாள் போல, காற்றுச் சத்தம், பின்னால் ஏதோ குழந்தை வீறிடுகிறது. டேய் மாதேசா, அனுப்பிட்டியா? அனுப்பிட்டேம்மா. சார் ஒண்ணும் திட்டலியே? இல்ல, சிரிச்சாரு. சிரிச்சாரா, என்றாள், குரல் சட்டென்று சுருங்கிவிட்டது, மண்டபத்துக்கே போய்விட்டாள் என்று தெரிந்தது, வேண்டாம்மா அங்கே போகாதே, இரு சொல்கிறேன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, தலையிலிருந்தா காலிலிருந்தா, அவளே மறுபடி கேட்டாள், போகட்டும் விடு, உன்னைச் சரியா வெட்டினாங்களா, கல்லு ஓரம் பிசிறில்லாம வந்துச்சா? திரையில் இரண்டரை மாதேசன்கள் இன்னும் ஒருத்தர் தலை மேல் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தோம், முபீனா அக்கா மூடவில்லை. வெட்டலம்மா, என்றேன்.